இலை அடித்த வேட்டி

மனசு அமைதியாகும் என்று சொன்னவர்கள் அத்தனை பேரையும் ஒரு நாள் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் வரிசையாக உட்கார வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுண்டு. காலை ஏழரைக்கு ஆரம்பிக்கும். டொக், டொக், டொக். சிமெண்டுத் தரையில் ஒரு பலகை, பலகைமேல் துணி, துணி மடிப்புக்குள் இலை, அதன்மேல் சுத்தியல். பத்து மணிக்கு மாத்திரை போட ஒரு நிறுத்தம். மறுபடி டொக், டொக். அசாம் ஜாவா என்கிற எங்கள் ஊரில் எங்களுடையது வரிசை வீடு. ஒருவர் தும்மினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், நாங்கள் கக்கா என்று கூப்பிடுகிறவர், மூன்று தடவை சுவருக்கு மேலே தலையை நீட்டி, வீட்டை உடைத்துக் கட்டுகிறீர்களா என்று கேட்டுவிட்டார். இல்லை, மனசை அமைதிப்படுத்துகிறோம் என்று மலாயில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சுத்தியல் பிடித்திருப்பவர் என் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷம் தோட்டத்துச் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோனவர். போன வருஷம் குலை ஏற்றும் இடத்தில், சிலிப்பரோடு இறங்கி நடந்தவருக்கு மட்டை முள் பாதத்தில் ஏறிவிட்டது. அவருக்கு இனிப்பு நீர் வியாதி உண்டு, புண் லேசில் ஆறாது. முள்ளைப் பிடுங்கிப் போட்டார், தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பினார், காலுறையை மாட்டிக்கொண்டார். பதினோரு நாள் என்னிடம் சொல்லவில்லை. பதினோரு நாள்! ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். நாற்றம் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கியர் மாற்றுவதுபோல் இடது கையை அசைத்து அசைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு தாளை நீட்டினார். வலது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும், தாமதித்தால் உயிர் போய்விடும் என்றார். மகள் பூச்சோங்கிலிருந்து வரும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவரிடம் கேட்கலாம் என்றால், கேட்டால் புரிந்துகொள்கிற நிலையில் அவர் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் தெளிந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தார். "யாரு கையெழுத்துப் போட்டா?" என்றார். "நான்தாங்க" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு வார்த்தை இல்லை என்றால் உங்களுக்கு அதன் கொடுமை புரியாது. முப்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சண்டை போடாத நாள் தீபாவளிகூடக் கிடையாது. உப்பு, வட்டிச் சீட்டு, அவர் தங்கச்சி, என் தம்பி என்று எதற்கெடுத்தாலும் சண்டை. அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மரியாதைக்காரர் ஆகிவிட்டார். "தண்ணி கொடு." "சரி." "வேணாம், போதும்." வாடகைக்கு வந்தவர் மாதிரி. நான் வேண்டுமென்றே ரசத்தில் இரண்டு மடங்கு உப்பைப் போட்டுப் பார்த்தேன். குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அன்றைக்கு நான் சமையலறையில் அழுதேன். நான் செய்தது சரியா தப்பா என்று அந்த மனுஷன் வாயால் சொல்லிக் கேட்கும்வரை எனக்கு நிம்மதி கிடையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மகள் ஒவ்வொரு ஞாயிறும் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியவர்கள் வண்ணம் தீட்டுகிற புத்தகம் வந்தது. வாசனை மெழுகுவத்தி வந்தது. கைப்பேசியில் அருவிச் சத்தம், பறவைச் சத்தம் வந்தது. "அப்பா, ஸ்ட்ரெஸ் ஆகாதீங்கப்பா. கண்ண மூடி நேச்சர் சவுண்ட் கேளுங்க. மைண்ட் ரிலாக்ஸ் ஆகும். இயற்கையோட இருக்கணும்பா" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இருபத்திரெண்டு வருஷம் இயற்கையோடதான்லா இருந்தாரு. அந்த இயற்கைதான் கால்ல குத்துச்சு" என்றேன்.

அவர் மட்டும் பொறுமையாக ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "இது நம்ம ஊரு குருவி இல்ல" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஐந்தாம் மாதம் பொய்க்கால் வந்தது. ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கிற மிஸி, சின்னப் பெண், மலாய்க்காரி, அதை எப்படி மாட்டுவது, எந்த உறை முதலில், எந்த வார் பிறகு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இவர் கவனமாகக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அதைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். கதவைச் சாத்தும்போதெல்லாம் யாரோ ஒளிந்திருப்பதுபோல் எனக்குத் திக்கென்றிருக்கும். அடுத்த தடவை போனபோது மிஸி முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். உட்கார்ந்தே கிடப்பதால் முட்டி இறுக ஆரம்பித்திருக்கிறது, இன்னும் சில மாதம் இப்படியே விட்டால் நீட்டவே முடியாது, அப்புறம் எந்தக் காலையும் மாட்ட முடியாது, கடைசிவரை நாற்காலிதான் என்றார். நான் அதை வீட்டில் கத்திச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், மகளை விட்டுச் சொல்ல வைத்தேன். "ம்" என்றார். அவருடைய அந்த "ம்"மை எடுத்துத் தலையிலேயே போடலாம் போலிருக்கும்.

அந்த மிஸிதான் சுத்தியலுக்கும் காரணம். அவர் தோளில் ஒரு துணிப்பை. அதில் இலைகள், நரம்பு நரம்பாக, அச்சு வைத்ததுபோல். எங்கே வாங்கினது என்று நான் பேச்சுக்குக் கேட்டேன். வாங்கவில்லை, இலையைத் துணியில் வைத்து நானே அடித்தது என்றார். என் வீட்டுக்காரர் பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஐந்து மாதத்தில் முதல் தடவையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டார். "என்ன சுத்தியல்?"

மறுநாள் லோரிச் சாமான் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே அவருடைய சுத்தியல் இருந்தது. லோரிக்காரர்கள் காலையில் கிளம்புமுன் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார்கள். சத்தத்தை வைத்தே எதில் காற்று குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இவர் பின்னால் இருக்கிற ஜோடி டயரில் உள்பக்கத்து டயரைக்கூட அப்படிக் கண்டுபிடிப்பார் என்று தோட்டத்தில் பேச்சு. அந்தக் கைதான் இப்போது இலைமேல் இறங்கியது.

முதலில் என் பழைய தலையணை உறைகள் போயின. அப்புறம் படுக்கை விரிப்பு. என் முருங்கை மரம் மொட்டையானது. கறிவேப்பிலைச் செடியில் தாளிக்க ஓர் ஈர்க்குக்கூட மிஞ்சவில்லை. மரவள்ளி இலை நன்றாகப் பதிகிறதாம், அதனால் மரவள்ளியும் போனது. துணியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் சாயம் நிற்கும் என்று மிஸி சொல்லியிருக்கிறார். வாசலில் கண்ணேறு படாமலிருக்க நான் கட்டித் தொங்கவிட்டிருந்த படிகாரக் கட்டியை ஊன்றுகோலால் தட்டிக் கீழே தள்ளி, வாளியில் போட்டுக் கரைத்துவிட்டார். கேட்டால், "இன்னும் என்ன கண்ணு படப்போவுது?" என்கிறார். வாய் திறந்தாரே என்று சந்தோஷப்படுவதா, திருஷ்டிக் கல்லைக் கரைத்துவிட்டாரே என்று தலையில் அடித்துக்கொள்வதா?

இலைகள் கூடம் வரை வந்தன. இலையோடு எறும்பு வந்தது, நத்தை வந்தது, ஒரு நாள் அரணை வந்தது. நான் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, வீட்டுப் பக்கத்து இலைகள் ஐயாவுக்குப் பிடிக்காமல் போயின. தோட்டத்து இலைதான் வேண்டும். அதிலும் ஆலைக்குப் போகிற பாதையில் உள்ளதுதான் வேண்டும். "ரெண்டாவது பாலம் தாண்டி, இடது பக்கம், மூணாவது மரம். தண்டுல பெரணி மொளச்சிருக்கும். கிழட்டு இலையா பறிக்காத" என்பார். பெரணி என்ன தங்கமா? செம்பனைத் தண்டுகளில் அது மண்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு மரமும் சட்டை போட்டதுபோல் நிற்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மரத்திலேயே இருக்கிறதே என்றால், "அது வேற" என்பார். அப்புறம் திருப்பத்தில் உள்ள தேக்கு. அப்புறம் எடை போடுகிற இடத்துக்கு எதிரே வேலியில் படர்ந்த கொடி. நான் மோட்டார் சைக்கிளில் போய், லோரிப் புழுதியைத் தின்று, நாய் துரத்தி, பையில் இலையோடு வருவேன். தோட்டத்து வாசலில் காவலுக்கு நிற்கிற ஜாகா ஒவ்வொரு தடவையும் என் பையைத் திறந்து பார்ப்பார். உதிர்ந்த செம்பனைப் பழம் திருடுகிறேன் என்று சந்தேகம். உள்ளே ஐந்தாறு பெரணி இலைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் திருடி என்று சொல்லியிருக்கலாம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் சாப்பிட ஆரம்பித்திருந்தார். ஊசி குத்திப் பார்க்கிற இனிப்பு நீர் கணக்கு இறங்கியிருந்தது. ஒரு தடவை நான் பழுத்த இலை கொண்டுவந்ததற்கு "கண்ணு எங்க வெச்சிருந்த?" என்றுகூடச் சீறினார். அன்றைக்கு நான் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ஆனால் இதையெல்லாம் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வாசனை மெழுகுவத்தியால்தான் என்பாள். கதவுக்குப் பின்னால் துண்டு போட்ட கால் அப்படியேதான் நின்றது. என் கேள்வியும் அப்படியேதான் நின்றது.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் உரம் போட்டுப் பிழைத்தவள் நான். எங்களுக்குக் கறை என்றால் சும்மா இல்லை. வேலைக்குமுன் பேர் கூப்பிடுகிற காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆம்பிளைகளின் சட்டையைப் பார்த்து, லயத்துக் குடியிருப்பில் எந்தப் பெண்டாட்டி சாமர்த்தியக்காரி என்று எடைபோடுவார்கள். பால் கறை, பழக் கறை, மட்டைச் சாறு, எது பட்டாலும் அன்றைக்கே வெளுத்தாக வேண்டும். லயம் போய் வரிசை வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் என் கை மாறவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்காக, வியாழன் மத்தியானம் வெள்ளைத் துணியெல்லாம் வெளுப்பு மருந்துத் தண்ணீரில் முங்கும். வெள்ளையில் பச்சையாகவோ பழுப்பாகவோ ஏதாவது தெரிந்தால் என் கை யோசிக்காது.

அந்த வியாழக்கிழமை அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். பலகைமேல் அவருடைய எட்டு முழ வேட்டி மடித்துக் கிடந்தது. மேல் மடிப்பில் பழுப்பும் பச்சையுமாகக் கறை. அவர் ஏதோ துணியில் அடிக்கிறார் என்று தெரியும். ஆனால் எப்போதும் ஒரு சாண் அளவுதான் வெளியே தெரியும்படி வைத்து அடிப்பார். நான் அதை ஏதோ பழந்துணி என்றே நினைத்திருந்தேன். கோயில் வேட்டி என்று பார்த்ததும், இதிலும் இலைச்சாறு ஒழுக விட்டிருக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. விரித்துப் பார்த்தேனா? இல்லை. வாளியில் போட்டேன். கறை பழையது என்று மூடியில் இன்னும் அரை மூடி மருந்து கூடுதலாக ஊற்றினேன். பிழிந்து, நீலம் போட்டு, கொடியில் உதறிக் காயப் போட்டேன். நான்கு மணி வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஊன்றுகோலோடு வந்து நின்றவர், வெறும் பலகையைப் பார்த்தார். "எங்க என் வேட்டி?"

"அந்தா, கொடியில. பாருங்க, எப்படி வெளுத்திருக்கு."

அவர் கொடியைப் பார்த்தார். "கேட்டியா?" என்றார்.

"என்னத்த?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? கால வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தப்பவும் கேக்கல. இப்பவும் கேக்கல. நான் என்ன செத்துட்டேனா? எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணுவியா?"

எட்டு மாதத்துக்கு மேல் நான் காத்துக்கிடந்த பேச்சு அது. அதோடு விட்டாரா? ஊன்றுகோலால் கொடியைக் காட்டி, "அதுல என்ன இருந்துச்சு தெரியுமா ஒனக்கு? குலை ஏத்துற எடத்துல இருந்து ஆலை வரைக்கும் மொத்தப் பாதையும் இருந்துச்சு. மொத பாலம், ரெண்டாவது பாலம், தேக்கு நிக்கிற திருப்பம், எடை போடுற எடத்து வேலி. எங்க என்ன மொளச்சிருக்கோ அத அந்தந்த எடத்துல அடிச்சு வெச்சிருந்தேன். இனிமே ஓட்டப் போறதில்லன்னுதான் துணியிலயாவது இருக்கட்டும்னு வெச்சேன். ஆறு வாரம் புள்ள!" என்றார்.

ஆறு வாரம் நான்தான் அந்த இலைகளைப் பறித்துக் கொடுத்தவள். ஒரு தடவைகூட எதற்கு இந்த மரம், எதற்கு அந்தத் திருப்பம் என்று கேட்கத் தோன்றவில்லை. அலுத்துக்கொள்ளத்தான் தெரிந்தது.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். என்னால் முடியாது. "பதினோரு நாளு முள்ளு குத்துனத மறைச்சீங்களே, அப்ப நீங்க என்கிட்ட கேட்டீங்களா? அப்ப நான் செத்துட்டேனா? சொல்லியிருந்தா காலும் போயிருக்காது, கையெழுத்தும் போட்டிருக்க மாட்டேன்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றுபோனது. கக்காவுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் சண்டை தெரியும். என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நான் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் கோபம், வெளுப்பு மருந்துமேல் கோபம்.

அதன்பிறகு சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. கக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, வேலை முடிந்துவிட்டதா என்று சந்தோஷமாகக் கேட்டார். எனக்கு அவரையும் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது.

நான்காவது நாள், என் வீட்டுக்காரர் உள்ளே படுத்துக் கிடந்தபோது, நானே அந்தச் சுத்தியலை எடுத்தேன். ஒரு மரவள்ளி இலையைத் தலையணை உறைக்குள் வைத்து, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். பிரித்துப் பார்த்தால் கூழ். பச்சையாக ஒரு சாணித் தேய்ப்பு. இன்னொன்று அடித்தேன், அதுவும் கூழ். நரம்பு பதிய வேண்டுமென்றால் மெதுவாக, ஒரே அளவாக, ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும் என்று அவர் ஒரு தடவை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. ஐந்தாவது இலையில் ஒரு விரல் அளவுக்கு நரம்பு தெரிந்தது. கோபமாக அடித்தால் இது வராது. அப்படியென்றால் இத்தனை மாதமும், என்னோடு பேசாமல் இருந்த அந்த மனுஷன், கோபத்தில் அடிக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு டொக்கையும் என் மண்டையில் போடுகிறார் என்று எண்ணிக்கொண்டு சமையலறையில் பாத்திரத்தை உருட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மோட்டாரை எடுத்தேன். எனக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் நின்று, அவர் சொன்ன மரங்களையே பார்த்துப் பறித்து, எது எந்த இடம் என்று எழுதி நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தேன். ஜாகா பையைப் பார்க்கக்கூட இல்லை, கையசைத்து அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது கிழடு. இது ராத்திரி மழையில நனஞ்சது, அடிச்சா தண்ணி விட்டு ஊறிப்போயிடும். இது அந்த மரமே இல்ல. இது என்னது?"

"ரெண்டாவது பாலம்."

"ரெண்டாவது பாலத்துல வலது பக்கம் பறிச்சிருக்க."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உடம்பிலும் தெம்பில்லை, மனதிலும் தெம்பில்லை. சுற்றி வளைக்கிற பொறுமை எனக்கு எப்போதுமே கிடையாது.

"ஒண்ணு கேக்கறேங்க. அன்னைக்கு ஒங்களுக்கு நெனவு இருந்து, நான் கேட்டிருந்தேன்னா, என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் கையில் இருந்த பெரணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்ப போயிருப்பீங்க."

"ம்."

இந்தத் தடவை அந்த "ம்" எனக்குக் கோபம் தரவில்லை. பயமாக இருந்தது.

"நீ செஞ்சது சரிதான் புள்ள" என்றார். "அது சரியா இருக்கறதுதான் எனக்குப் பொறுக்கல."

இந்த வார்த்தை வந்தால் நெஞ்சு குளிர்ந்துபோகும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். குளிர்ந்ததா? பற்றிக்கொண்டு வந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? எத்தன மாசங்க? எத்தன மாசம் நான் செத்துச் செத்துப் பொழச்சேன்?"

"நீ கேக்கலயே" என்றார்.

அப்புறம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இன்றுவரைக்கும் அது எனக்குச் சிரிப்பாக இல்லை. அவர் பொட்டலத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "ஞாயித்துக்கெழம மக வரட்டும். ஆலைப் பாதைக்குப் போவோம். நீ பறிக்கிற லட்சணத்துக்கு வேட்டி முடிய பத்து வருஷமாவும்."

ஞாயிறு காலை அவர் கதவுக்குப் பின்னாலிருந்த காலை எடுத்துக் கட்டிலில் வைத்தார். என் கை தானாக நீண்டது. நீண்ட கையை நிறுத்தி, "மாட்டி விடவா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நாற்பது நிமிஷம் ஆனது. உறை சுருங்கியது, கழற்றினார், மறுபடி மாட்டினார், வார் சிக்கியது, மிஸியை, ஆஸ்பத்திரியை, செம்பனை மரத்தைக் கண்டுபிடித்தவனை எல்லாம் திட்டினார். முட்டி முழுசாக நீளவில்லை. மகள் வாசலில் நின்று, "டேக் யுவர் டைம்ப்பா, மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம். இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பல்லைக் கடித்தது எனக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமையானதால் பாதையில் லோரி இல்லை. மகள் காரை இரண்டாவது பாலம் தாண்டி நிறுத்தினாள். செம்மண் பாதை, அப்புறம் ஒரு சின்ன இறக்கம், அப்புறம் வெட்டிப் போட்ட மட்டைகள், அதற்குப் பின்னால் அவருடைய மூன்றாவது மரம். நெஞ்சு உயரத்துக்குப் பெரணி. பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். ஆனால் அத்தனை மட்டையிலும் முள். ஒரு முள் போதும் என்று தெரிந்த எனக்கு அந்தப் பன்னிரண்டு அடி எப்படித் தெரிந்திருக்கும்? மிச்சமிருக்கிற காலுக்குக் கணுக்கால் வரை மூடிய சப்பாத்து போட்டிருந்தார். அதுவும் எனக்குப் போதவில்லை. ஊன்றுகோல் இல்லாத அவர் இடது கையை என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு அடி வைத்தார். நின்றார். நெற்றியில் வியர்வை. வலிக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

"விடு" என்றார்.

"விழுந்துடுவீங்க."

"விழுந்தா எந்திரிச்சிக்கறேன். வலிச்சா சொல்றேன். குத்துனா சொல்றேன். பதினோரு நாளு கழிச்சி இல்ல, அப்பவே சொல்றேன். சொல்ற வரைக்கும் பிடிக்காத." அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஒன்னக் கேட்டுத்தான் செய்யறேன். விடறியா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முட்டாள்தனம், திரும்புங்கள், காரில் ஏறுங்கள், இலை இல்லாமல் யாரும் செத்துப்போகவில்லை என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

நான் கையை எடுத்தேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதுகூட இதைவிடச் சுலபமாக இருந்தது.